அண்ணன் பொண்ணு கல்யாணம், அத்தைக்கு அங்க என்ன வேலை?

வந்த கேள்வி, 10 செப்டம்பர் 2024

வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். நான் பெங்களூர்ல இருக்கேன், லீவு போட்டு போகணும். போய் என்ன பண்ணப் போறேன்னு தோணுது. தாய்மாமனுக்கு மாலை, மரியாதை எல்லாம் இருக்கு. பெத்தவங்களுக்கு மணையில எடம் இருக்கு. அத்தைக்கு என்ன இருக்கு? முகூர்த்தத்துக்கு தலையக் காட்டிட்டு மத்தியானம் பஸ் ஏறினா போதாதா?

10 செப்டம்பர், ராத்திரி

போதாது. முடிஞ்சா 2 நாள் முன்னாடியே போங்க.

இன்னைக்குக் காலையில தான் நெல்லை எக்ஸ்பிரஸ்ல எழும்பூர் வந்து இறங்கினேன். முந்தாநாள், ஆவணி 23, திருநெல்வேலியில எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். கையில மருதாணி இன்னும் செக்கச்செவேல்னு இருக்கு. துணி துவைக்கப் போடல, பெட்டிய இன்னும் தொறக்கல, உங்க கேள்வியப் பாத்ததும் இத எழுத உக்காந்துட்டேன்.

அத்தைக்கு ஒரு வேலையும் கிடையாது. அதுதாங்க சந்தோஷமே. பெத்தவளுக்கு சம்பந்தி முகம் பாக்கணும், பந்தியில சாம்பார் வந்துச்சா பாக்கணும், நகைப் பை எங்கன்னு பாக்கணும். எங்க மதினி 3 நாளும் ஒரு வாய் நிம்மதியா சாப்பிடல. நான் முதல் பந்தியில உக்காந்து சாப்பிட்டேன், பொண்ணு பக்கத்துலயே இருந்தேன், யாரும் என்னைய ஏன்னு கேக்கல. பொறுப்பு அவங்களுக்கு, உரிமை மட்டும் எனக்கு.

11 செப்டம்பர், காலை

நேத்து அவசரத்துல எழுதிட்டேன். ஒரு வேலையும் கிடையாதுன்னது சரியில்ல. ஒரு வேலை வந்துச்சு, அந்த ஒரு ராத்திரிய நெனச்சா இப்பவும் மனசு நெறஞ்சு போகுது. சாயங்காலம் எழுதுறேன், அரிசி ஊறப் போட்டிருக்கேன், ஆட்டணும்.

11 செப்டம்பர், சாயங்காலம்

சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி, மறுநாள் காலையில முகூர்த்தம். பூ விலை எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க. தோவாளையில இருந்து வரவேண்டிய பூவுக்கு ஊரே காத்துக்கெடந்தது. மண்டபத்துல தவசிப்பிள்ளை, அதாங்க சமையல்காரர், காலையிலயே கொழுக்கட்டைக்கு மாவு கிளறிட்டார், பிள்ளையாருக்கு படைச்சிட்டுத்தான் கல்யாண அடுப்புல முதல் பாத்திரம் ஏத்துனாங்க. எல்லாம் நல்ல சகுனமா போய்ட்டிருந்துச்சு.

ராத்திரி 9 மணிக்கு போன் வருது. அலங்காரம் பண்ண வர்ற பொண்ணு காலையில 4 மணிக்கு வந்துருவேன், ஆனா பூ ஜடை மட்டும் கெடைக்கல, பிளாஸ்டிக் பூ வச்ச ஜடை எடுத்துட்டு வரேன்னு சொல்லுது. மதினிக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. கல்யாணப் பொண்ணு மட்டும் அமைதியா என்னைப் பாத்து, "அத்தை, ஆச்சி ஒனக்கு தைச்சுக் குடுத்தாவல்லா, அந்த போட்டோ வீட்டுல இருக்கு, அதுமாதிரி ஒனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா.

தெரியும். எங்க அம்மா சொல்லிக்குடுத்தது. ஆனா நான் ஊசி எடுத்து வருஷம் 20 ஆகுது.

மல்லிகை மொட்டு சாயங்காலம் ஆனா வாய் தொறந்துரும், அதனால தலைக்கு வைக்கன்னு வாங்கின மொட்ட பெரியம்மா மகன் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில வச்சிருந்தான், அதுதான் கடவுள் புண்ணியம். வாழைப்பட்டைய ஜடை அகலத்துக்கு நறுக்கி, மேல அகலம் கீழ வர வர ஒடுக்கம். ஊசியில நூல் கோத்து, மொட்டு தலை எல்லாம் ஒரே பக்கம் பாக்குறமாதிரி காம்புல குத்தி, பட்டையோட சேத்து இறுக்கணும். ரொம்ப இறுக்கினா காம்பு அறுந்துரும், தளர விட்டா காலையில தொங்கிரும். சாய்ச்சு சாய்ச்சு ஒரு வரிசை வெள்ளை, நடுவுல ஒரு வரிசை கனகாம்பரம், ஓரத்துல மரிக்கொழுந்து. அக்கா மொட்டு பொறுக்கிக் குடுக்க, நான் தைக்க, கல்யாணப் பொண்ணு என் மடியில காலை நீட்டி வச்சுக்கிட்டே தூங்கிப் போயிட்டா. மூணு வயசுல அப்படித்தான் தூங்குவா. கால்ல மருதாணி காயாம இருந்து என் சேலையெல்லாம் ஆயிருச்சு, அந்தக் கறைய நான் போக்கப் போறதில்ல.

முடிக்க ராத்திரி 2 மணி. ஈரத்துணி சுத்தி வச்சோம். காலையில மணையில உக்காரும்போது மொட்டு பாதி விரிஞ்சிருந்துச்சு, பந்தல் முழுக்க வாசம்.

11 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

மேல ஒரு திருத்தம். பிள்ளையாருக்கு படைச்சப்புறம் அடுப்பு ஏத்துனதா எழுதிருக்கேன். அக்கா படிச்சிட்டு போன் பண்ணி, காபிப் பால் அதுக்கு முன்னாடியே காய்ச்சியாச்சுன்னு சொல்றா. சரி, காபி நீங்கலா.

12 செப்டம்பர்

தாய்மாமனுக்கு மரியாதை, அத்தைக்கு என்னன்னு கேட்டீங்கல்ல. எனக்கும் அந்த வருத்தம் ஒரு காலத்துல இருந்துச்சு. பொண்ணு பெரியவளானப்போ மாமன் சீர் வந்துச்சு, தட்டு எண்ணி எண்ணி வரிசையா வச்சாங்க, நான் ஒரு ஓரமா நின்னுட்டிருந்தேன். இப்போ வேற மாதிரி தோணுது.

1991ல எங்க அண்ணன் தாலி கட்டினப்போ முதல் முடிச்சு அவன் போட்டான், மத்த ரெண்டு முடிச்சும் நான் போட்டது. நாத்தனார் முடிச்சு. மதினி பின்னங்கழுத்துல வேர்வை, மஞ்சள் கயிறு வழுக்குது, சுத்தி கெட்டிமேளம், அட்சதை என் தலை மேல கொட்டுது, எனக்குக் கை நடுங்குது. அக்காவும் நானும் யாரு போடுறதுன்னு ஒரு வாரம் சண்டை போட்டு, அவ விளக்கு பிடிக்க ஒத்துக்கிட்டா. அந்த முடிச்சுல இருந்து தானே இந்தப் பொண்ணு வந்தா?

ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட தங்கச்சி, காலேஜ் படிக்கிற பொண்ணு, மணைக்குப் பின்னாடி நின்னு முடிச்சு போட வந்தா. நான் தச்ச ஜடை கயித்துக்கு குறுக்க நிக்குது. நான் போய் ஜடைய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவ கையும் நடுங்குச்சு. "அவசரப்படாதட்டி, மேளம் நிக்காது, நிதானமா போடு"ன்னேன். அந்தப் புள்ள என்னைத் திரும்பிப் பாத்து சிரிச்சுது பாருங்க, அந்த எடத்துல தாய்மாமன் நிக்க முடியுமா?

12 செப்டம்பர், ராத்திரி

சொதி எப்படின்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு எங்க பக்கம் சொதி தான், மாப்பிள்ளைச் சொதின்னே பேரு. தேங்கா திருகி முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால் தனித்தனியா எடுத்துக்கணும். மூணாம் பால்ல முருங்கைக்கா, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு வேகணும், பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைச்சு விடணும், வெந்த பாசிப்பருப்ப மசிச்சு ரெண்டாம் பாலோட சேக்கணும், கடைசியில முதல் பால் ஊத்தி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இறக்கணும். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி கட்டாயம், தேங்காப்பால் வயித்துல நிக்காம செரிக்கணும்ல. உருளைக்கிழங்கு காரக்கறி இல்லாம சொதி சாப்பிட்டவன் சாப்பிட்டவனே இல்லம்பாங்க எங்க அப்பா.

13 செப்டம்பர்

சொதி திருத்தம்! எலுமிச்சம்பழத்த அடுப்புல இருக்கும்போது பிழியாதீங்க, திரிஞ்சு போகும். முதல் பால் ஊத்தி நுரை கட்டினதும் இறக்கிரணும், கொதிக்க விடக்கூடாது, கொஞ்சம் ஆறினப்புறம் தான் எலுமிச்சை. நேத்து எழுதினத பாத்து யாராவது செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க.

14 செப்டம்பர்

இத எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். கேள்வி கேட்டவங்க நேத்து, "உங்களுக்கு அண்ணன் கூட நல்லா போகுது, எங்களுக்கு அப்படியில்ல, சொத்து பிரச்சனை"ன்னு சொல்லியிருக்காங்க. அதனால எழுதுறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் 4 வருஷத்துக்கு மேல பேச்சு இல்ல.

அப்பா 2017ல போனாங்க. உயில் எழுதல. வீடு அப்பா பேர்ல. எங்க ஆச்சி காலத்துல பொம்பளப் புள்ளைய கட்டிக்குடுத்தாச்சுன்னா நகையோட முடிஞ்சது கணக்கு. 1989ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு, ஆனா அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்கு இல்ல. எனக்கு 1988ல ஆச்சு. அப்புறம் 2005ல நாடு முழுக்க அந்தத் தடை இல்லாம வந்துருச்சு. அப்பா சொந்தமா வாங்கினதுல பொண்ணுக்குப் பங்கு 1956 சட்டத்துலயே இருக்கு. இதெல்லாம் நான் வக்கீல் கிட்ட போய் கத்துக்கல, வீட்டுக்குள்ள நடந்த பேச்சுல கத்துக்கிட்டது.

எனக்கு பங்கு வேண்டாம்னு எப்பவோ முடிவு பண்ணிட்டேன், என் வீட்டுக்காரரும் அதே தான். 2019ல விடுதலைப் பத்திரம் போடணும்னு பத்திரம் எழுதுறவர் எனக்கு போன் பண்றார். அண்ணன் பண்ணல. அது தான். "தங்கச்சி, ஒரு கையெழுத்து போடுதியா"ன்னு அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ராத்திரியோட ராத்திரியா வந்து போட்டிருப்பேன். போனேன், அக்காவும் வந்தா, ரெண்டு பேரும் கைநாட்டு வச்சோம், பத்திர ஆபீஸ்ல இருந்து நேரா ஸ்டேஷன். வீடு ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. நான் போகல. அவனும் வாட்டின்னு கூப்பிடல. பிளாட்பாரத்துல உக்காந்து நானும் அக்காவும் ரயில் வர்றவரைக்கும் ஒண்ணும் பேசிக்கல.

14 செப்டம்பர், தொடர்ச்சி

இந்த ஜூன் மாசம் வாசல்ல பெல் அடிக்குது. அண்ணன் நிக்கான். முடி பூரா நரைச்சுப் போச்சு. மதினி கையில தாம்பாளம், வெத்தலை பாக்கு, பூ, பழம், பட்டுச்சேலை, மேல பத்திரிகை. எங்க வீட்டுல முதல் பத்திரிகை கோயிலுக்கு, ரெண்டாவது கூடப்பிறந்தவளுக்கு. அவன் உக்காரல. நின்னுக்கிட்டே, "நெல்லையப்பருக்கு வச்சிட்டு நேரா இங்க வாரேன்"ன்னான். அவ்ளோதான் சொன்னான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வராது, எங்க அப்பாவுக்கும் வராது. நான் தண்ணி எடுக்க உள்ள போனேன், அடுப்படியில நின்னு அழுதுட்டு முகம் கழுவிட்டு வந்தேன், மதினி பின்னாடியே வந்து தோளைப் பிடிச்சா.

பத்திரிகையில எங்க பேரு எங்க இருக்குன்னு பாத்தேன், பாக்காத அத்தை உலகத்துல உண்டா? அண்ணன் பேருக்கு அடுத்த வரியில அக்கா பேரும் எங்க பேரும்.

15 செப்டம்பர்

இன்னைக்கு கேள்வி கேட்டவங்களோட அண்ணன் பொண்ணு கல்யாணம். போயிட்டாங்களாம், நேத்து ராத்திரியே. ரொம்ப சந்தோஷம். போனதும் மதினி சாவிக்கொத்த கையில குடுத்துட்டாங்களாம். நான் சொன்ன பொறுப்பில்லாத உரிமை எல்லாம் பொய்யாப் போச்சேன்னு எழுதியிருக்காங்க. இருக்கட்டும், வாங்கி இடுப்புல சொருகிக்கோங்க. பொறந்த வீட்டுச் சாவி.

18 செப்டம்பர்

"உங்க பையனுக்கு கட்டியிருக்கலாமே, உரிமைப் பொண்ணுதானே"ன்னு ஒருத்தர். கல்யாண வீட்டுலயும் இதே பேச்சு தான். என் பையன் பந்தியில எல போட்டுட்டிருக்கான், ஒரு பெரியப்பா, "ஏலே, உரிமைக்காரன் நீ இருக்க வேற ஒருத்தன் தாலி கட்டுதான், ஒனக்கு ரோசம் வரலியா"ன்னு கேக்க, அவன் "தாத்தா, எனக்கு வர்ற ரோசமெல்லாம் அப்பளம் தீந்து போச்சேன்னு தான்"ன்னான். பந்தியே சிரிச்சுது.

எங்க அப்பா ஆசைப்பட்டது நெசம். எங்க அம்மா அப்பாவே அத்தை மக, மாமா மகன் தான். இன்னொரு தலைமுறையும் நெருங்கின ரத்தம் வேண்டாம்னு நானும் என் வீட்டுக்காரரும் முன்னாடியே பேசி வச்சிட்டோம், அந்த ரெண்டு புள்ளைங்களும் கூடப்பிறந்தவங்க மாதிரியே வளந்தாங்க. ஆனா ஒரு விஷயம், மறைக்காம சொல்றேன், மணையில அவள பாக்கும்போது ஒரு நிமிஷம் மனசு அடிச்சுக்கிச்சு, இந்தப் புள்ள நம்ம வீட்டுக்கு வந்திருக்குமேன்னு. அப்புறம் நெனச்சேன், தமிழ்ல அத்தைன்னா அப்பா கூடப்பிறந்தவளும் அத்தை, மாமன் பொண்டாட்டியும் அத்தை, மாமியாரும் அத்தை. ஒரே சொல்லு. நான் மாமியார் அத்தை ஆகியிருந்தா அவ என் மடியில காலை நீட்டித் தூங்கியிருப்பாளா?

19 செப்டம்பர்

முறை பத்தி பேச்சு வந்ததால இன்னொண்ணு. மாப்பிள்ளை முதல்ல என்னைய "அத்தை"ன்னு தான் கூப்பிட்டார், பொண்ணு கூப்பிடுறத கேட்டு. பக்கத்துல உக்காந்திருந்த 85 வயசு ஆச்சி சும்மா விடுவாங்களா. "என்னய்யா இது, பொண்ணுக்கு அத்தைன்னா ஒனக்கு எப்படிய்யா அத்தை? இவ மகன் ஒனக்கு அண்ணன் முறைல்லா. இவ ஒனக்கு சித்தி. பெரியவ பெரியம்மா"ன்னாங்க.

நான் யோசிக்கவே இல்ல. அண்ணன் பொண்ணுக்கு என் பையன் கட்டிக்கிற முறை. அவள கட்டினவரும் அதே முறையில தான் வந்து நிக்கார். அப்போ ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. நான் அவருக்கு அம்மா ஸ்தானம். பொண்ணு எடுக்காமலே எனக்கு ஒரு மகன் வந்துட்டான்னு அந்த ஆச்சி ஒரு வரியில கணக்கு போட்டுக் குடுத்துட்டாங்க. என் பையன் உடனே போய் "தம்பி"ன்னு தோள்ல கை போட்டான், மாப்பிள்ளை வயசுல இவனுக்கு ஒரு வருஷம் மூத்தவர், அது வேற கதை.

23 செப்டம்பர்

என்ன மொய் செஞ்சீங்கன்னு கேட்டதுக்கு இப்போதான் பதில். அக்கா மோதிரம் போட்டா. நான் பத்தமடை பாய். எங்க ஊர் கல்யாணப் பாயில பொண்ணு மாப்பிள்ளை பேர நெய்து தருவாங்க. தாமிரபரணிக் கரையில வெளையிற கோரைய ஊறவச்சு, கீறி, நூல் பாவுல கோத்து நெய்யிறது, நல்ல பாயினா துணி மாதிரி கையில வழியும். ஜூன்லயே சொல்லி வச்சுட்டேன். பேர் என்னன்னு நெய்யிற அம்மா கேட்டாங்க. சர்டிபிகேட்டுல உள்ள பேரு நீளம், அத விடுங்க, எங்க அப்பா அவள கூப்பிட்டது அம்மு. அப்பா போனப்புறம் அந்தப் பேர் சொல்லி யாரும் கூப்பிடல. அண்ணன் கூட நிறுத்திட்டான். நான் அம்முன்னே நெய்யச் சொல்லிட்டேன்.

மறுவீட்டன்னைக்கு பாய விரிச்சாங்க. சிவப்புல பச்சைக் கரை, நடுவுல ரெண்டு பேர். மாப்பிள்ளை ஒரு பக்கம் அவர் பேர படிச்சார், இந்தப் பக்கம் படிச்சிட்டு "இது யாரு?"ன்னு கேட்டார். யாரும் பேசல. அண்ணன் குனிஞ்சு அந்த எழுத்து மேல விரல வச்சு ஒவ்வொண்ணா தடவினான். அப்புறம் எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டான். நான் பின்னாடி போனேன். கிணத்தடியில நிக்கான். "சொதி ஆறுது, வா"ன்னேன். "நீ மூணு தடவ வாங்கித் திம்பியே, இப்பவும் திம்பியா"ன்னு கேட்டான். தின்னேன்.

1 நவம்பர்

இங்க வந்து ரொம்ப நாளாச்சு. நேத்து அவளுக்குத் தலை தீபாவளி. காலையில 5 மணிக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சு, இங்க பலகாரம் முடிச்சு, 9 மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். மாப்பிள்ளை எடுத்தார், புது வேட்டி, நெத்தியில திருநீறு, பின்னாடி அண்ணன் பட்டாசு டப்பாவ பிரிச்சுட்டிருக்கான். நான் வாய் தொறக்கும் முன்னாடி அவரே, "தீபாவளி வாழ்த்துக்கள் சித்தி, குளிச்சாச்சா? ஒரு நிமிஷம் இருங்க"ன்னு சொல்லிட்டு, போன மடியில வச்சுக்கிட்டு உள்ள பாத்து சத்தம் போட்டார்.

"அம்மு, சென்னைல இருந்து சித்தி."

அண்ணன் கையில இருந்த டப்பாவ அப்படியே வச்சிட்டு நிமிந்து பாத்தான்.